பதினான்காம் பக்கம், இரண்டாம் சொல்

மூஸ் ஜாவில் அன்று மைனஸ் முப்பத்தாறு.
நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.
தயாபரனுக்கு மாவு மில் இல்லை,
எனக்கு ஆஸ்பத்திரி இல்லை.
அவன் இரவு, நான் பகல் என்று
முறை வைத்துப் படுக்கும் கட்டிலில்
இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து
என்ன பேசுவதென்று யோசித்தோம்.

பேஸ்மென்ட் மூலையில், ஹாக்கி மட்டைகளுக்குப் பின்னால்
வீட்டுக்காரி டோரீன் எறிய மனமில்லாமல் வைத்திருந்த
மகனின் கணினி.
வெற்றிலை போடாதவரின் பழைய பல் நிறம்.
விசையை அழுத்தினேன்.
உள்ளே யாரோ கோப்பி அரைத்தார்கள்.
பிறகு கறுப்பு. பிறகு ஒரு கேள்வி:

*கையேட்டின் பதினான்காம் பக்கம்,
மூன்றாம் வரி, இரண்டாம் சொல் என்ன?*

விளையாட்டுக்குள் போகவும் விசாரணையா.
கண்ணாடிக்கு அப்பால் ஒருவர்
என் கோப்பின் ஏழாம் தாளில் விரல் வைத்து
இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் இடையில்
எங்கே இருந்தீர்கள் என்று கேட்டபோதும்
என்னிடம் கையேடு இருக்கவில்லை.

தயாபரன் பெட்டியைக் கவிழ்த்து உதறினான்.
மூடியின் உட்புறம், பென்சிலில், நெருக்கி நெருக்கி
ஒரு பொடியனின் களவு:
ப.9 நங்கூரம். ப.11 உப்பு. ப.14 ஆனால்.

'ஆனால்' என்று தட்டினேன்.
திறந்தது.

பதினாறே நிறங்களில் ஒரு தீவு.
மூன்று வெள்ளைக் கோடு மினுங்கினால் அது அலை.
தொப்பிக்காரன் ஒருவன், முகத்துக்கு நான்கு புள்ளி,
அவன்தான் நாங்கள்.
பாலத்தைக் கடக்கச் சொல்லிவிட்டு
தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன்;
இன்னும் பாதிப் பாலத்தில்தான் இருந்தான்.

இங்கே போ என்று காட்ட அம்புக்குறி இல்லை.
கெட்டிக்காரி என்று சொல்ல ஆளில்லை.
படகுக்குச் சீட்டு வேண்டும், சீட்டுக்குக் காசு,
காசு கிணற்றில், கயிறு ஆட்டின் கழுத்தில்.
ஆடு எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றது.
கயிற்றைத் தொட்டேன்: *அதற்கு இது நேரமல்ல.*
கிணற்றைத் தொட்டேன்: *ஆழமானது.*
"அது எங்களுக்கும் தெரியுமடா!"
தயாபரன் திரையைப் பார்த்துக் கத்தினான்.

"குடையைக் குடுத்துப் பார்."
"ஆட்டுக்கா? என்னத்துக்கு?"
"இருக்கிறதெல்லாத்தையும் குடுத்துப் பார்."
கொடுத்தேன்.
ஆடு குடையைத் தின்றது. மழை பிடித்தது.
கல்யாண வீட்டில்கூட நாங்கள்
இப்படி வயிறு நோகச் சிரித்ததில்லை.

ஈரப் படியில் தொப்பிக்காரன் வழுக்கிக்
கிணற்றுக்குள் போனான். *இறந்துவிட்டாய்.*
எதையும் சேமித்து வைக்காததால்
மறுபடி கறுப்பு, மறுபடி கேள்வி,
இம்முறை 'உப்பு'.

இரண்டாந்தரம் குடையைக் கொடுக்கவில்லை.
ஆடு எங்களையே பார்த்தது.
கயிறு எப்படிக் கிடைத்தது என்று சொல்லமாட்டேன்,
அதற்கு நான்கு மணித்தியாலம் ஆனது.

சேமிக்கலாம் என்று போனால்
எட்டு இடமும் அந்தப் பொடியனுடையவை:
டாரன் 1. டாரன் 2. ஆடு. ஆடு மறுபடி.
சாப்பிடப் போகிறேன். அப்பா வந்துவிட்டார்.
கடைசி. கடைசிக்கும் கடைசி.
ஒன்றை அழித்தால்தான் எங்களுக்கு இடம்.
"ஆடு மறுபடியை அழி" என்றான்.
விரலை வைத்தேன். "வேண்டாம், விடு" என்றான்.
'அப்பா வந்துவிட்டார்' பக்கம்
இருவருமே போகவில்லை.

மூன்று மணிக்கு பனி வாரும் வண்டியின் மஞ்சள் வெளிச்சம்
உயரத்துச் சன்னலைத் துடைத்துக்கொண்டு போனது.
ரோடு திறந்தாயிற்று. மில்லிலிருந்து போன்.
அவன் இரண்டு சோடி கையுறை போட்டுக்கொண்டு
வாசலில் நின்று திரையைத் திரும்பிப் பார்த்தான்.

கணினியை அணைக்கவில்லை.
துறையில் தொப்பிக்காரன் காலால் தட்டுகிறான்.
நேரம் போனால் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து
நேரே எங்கள் பக்கம் பார்க்கிறான்.

ஏழு மணிக்கு நான் போவேன், எட்டுக்கு அவன் வருவான்.
மேசையில் ஒரு துண்டு எழுதி வைத்திருக்கிறேன்:
சோறு குளிர்பெட்டியில்.
காசு எடுத்தாயிற்று.
நான் வரும்வரை படகில் ஏறாதே.